அரை வீசை

ஏசடியான் ஆலை வேலையை விட்டுப் போன அன்று
எடைக் குண்டின் அடியில் ஒட்டியிருந்த காந்தத்தைக்
கழற்றி என் மேசைமேல் வைத்தான்.
சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும்.
பக்கத்தில் சாவி.
சாவிக்குப் பக்கத்தில், வாங்கிய முன்பணத்தில்
வேலை செய்யாத நாட்களுக்கான கியாட்,
மடிப்பு நீவி எண்ணியது.

மோல்மீனில் அறுவடை முடிந்த நாட்கள்.
சால்வீன் ஆற்றில் நெல்லோடு படகுகள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.
தனக்கா பூசிய மோன் பெண்கள்
எடை முள்ளையே பார்ப்பார்கள்.
முள்ளைப் பார்த்து என்ன பயன்?

மூட்டைக்கு அரை வீசை.
அரை வீசை என்பது ஒரு வீட்டின் இராச்சோறு.
நான் கணக்கெழுதுகிறவன், ஆனாலும்
பெருக்கிப் பார்த்ததில்லை.
அவன்தான் சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் பெருக்கினான்:
நாளைக்கு நாற்பது மூட்டை,
தெரிந்தே நிறுத்த நாட்கள் பதினொன்று,
இருநூற்று இருபது வீசை.
"இது சரியா அண்ணே?" என்று நீட்டினான்.
கணக்கைத்தான் கேட்கிறான் என்று
"சரி" என்றேன்.

அவனைப் பரிசுத்தவான் ஆக்கிவிடாதீர்கள்.
கீர்த்தனையில் எப்போதும் அரைத் தாளம் பிந்துவான்.
வெற்றிலைச் சாறு அவன் நடந்த தடத்தைக் காட்டும்.
கோபம் வந்தால் மொகிங்காக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு
எழுந்து போவான், காசு கொடுக்காமல்;
சாயங்காலம் வந்து கொடுப்பான்.
ஜெபக் கூட்டத்தில் முறை வந்தால்
"ஆண்டவரே" என்பான்.
பிறகு ஒன்றும் வராது.
யாராவது இருமுவார்கள்.
"ஆமென்" என்று உட்கார்ந்துவிடுவான்.
நாங்கள் பாட்டுப் புத்தகத்துக்குள் சிரிப்போம்.

முதலாளி நன்றாக ஜெபிப்பார்.
ஆலய மணியில் அவர் பெயர் வார்த்திருக்கிறது.

போவதற்கு முந்தின மாலை
என் பேரேட்டைத் திறந்து பெயர்களை எழுதிக்கொண்டான்.
நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அந்த வாரமே மோட்டார் சைக்கிளை விற்றான் என்றும்
படகேறி எங்கோ போகிறான், வருகிறான் என்றும்
காதில் விழுந்தது.
விசாரிக்கவில்லை.
ஞாயிற்றுக்கிழமை மட்டும்
அதே மூன்றாம் வரிசையில், முதலாளியின் பிடரிக்குப் பின்னால்,
தாளம் பிந்திய அந்தக் குரல் கேட்கும்.
சமாதானம் சொல்லும் நேரத்தில்
முதலாளிக்குக் கை கொடுப்பான்.
எனக்கும்.
உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது, துறைமுகத்தில் சுமை தூக்கி.

அடுத்த அறுவடையில் ஒருத்தி வந்தாள்,
மூன்று மூட்டைக்காரி.
"போன வருஷம் எங்களிடம் திருடினானே,
அந்த எடைக்காரன் சுகமா?" என்றாள்.
அரிசிக் காசைத் திண்ணமாய்க் கையில் வைத்து
*நான் குறைத்து நிறுத்தேன்* என்றானாம்.
ஊர் ஊராய் அதே சொல்லாம்.

பர்மிய மொழியிலும்
'நான்' வேறு, 'நாங்கள்' வேறு.
அவளிடம் இரண்டு முறை கேட்டேன்.
"நான் என்றுதான் சொன்னான்,
எனக்குக் காது நன்றாகக் கேட்கும்" என்றாள்.
ஒரு சுரைக்காய் கொண்டுவந்திருந்தாள், அவனுக்கு.
என்னிடம் தந்துவிட்டுப் போனாள்.

சுரைக்காயை அவன் வீட்டுக் கதவோரம் வைத்தேன்.
தட்டவில்லை.

காந்தம் இன்னும் என் இழுப்பறையில் இருக்கிறது.
குண்டூசி எடுக்கப் போனால்
எல்லாம் அதன்மேல் மொய்த்துக் கிடக்கின்றன,
ஒன்றைப் பிடித்து இழுத்தால் நாலு வருகின்றன.

புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில்
என் முறை வந்தது.
எழுந்தேன். "ஆண்டவரே" என்றேன்.

மின்விசிறி சுற்றியது.
யாரோ இருமினார்கள்.
மூன்றாம் வரிசையில் ஒருவன்
தலை நிமிராமல், அவசரப்படுத்தாமல்
எனக்காகக் காத்திருந்தான்.