பன்னிரண்டு சொட்டு

புட்டியின் மேல் ஒரு நாய் சிரிக்கிறது.
கீழே பொடி எழுத்தில்:
சிபிடி எண்ணெய். பன்றி இறைச்சிச் சுவை.
அறுபது பவுண்டுக்கு மேல் பன்னிரண்டு சொட்டு.

புல்லாவுக்குப் பதினாலு வயது.
நாங்கள் ஃபின்லாந்து வழி வந்தவர்கள்,
எங்கள் ஏலக்காய் ரொட்டியின் பெயரை வைத்தேன்,
குட்டியில் அதே நிறம்.
இப்போது மூஞ்சியெல்லாம் மாவு தூவிய நரை.
இடுப்பு விட்டுப்போய்விட்டது.
வாசலில் நின்று
படியைப் பார்த்துக் குரைப்பாள்,
தப்பு படியின் மேல்தான் என்பதுபோல.

எனக்கு வலது தோள்.
இருபத்திரண்டு குளிர்காலம்
ஹான்காக்கிலிருந்து கால்யுமெட் வரை
பனி தள்ளும் லாரி.
ஏரி பெருமூச்சுவிட்டால் போதும்,
ஒரு முழம் விழுந்துவிடும்.
விடிகாலை மூன்று மணிக்கு
அலகை இறக்கி, ஏற்றி, இறக்கி,
திரும்பிப் பார்ப்பதற்குள்
தள்ளிய இடம் மறுபடி வெள்ளை.
தோளுக்குள் ஒரு துருப்பிடித்த திருகு.
டிசம்பருக்கு டிசம்பர்
யாரோ அரைச்சுற்று முறுக்குகிறார்கள்.

மாத்திரை தின்றேன், வயிறு எரிந்தது.
டாக்டர் அதைவிடப் பெரியது ஒன்றை
எழுதப் பேனா எடுத்தார்.
வேண்டாம் என்றேன்.
முதுகு பிடித்துக்கொண்டது என்று
அந்தச் சீட்டோடு போனவன்தான் என் தம்பி தைஸ்டோ.
அவனுடைய பனிக்காலணி
கொட்டகையில் இன்னும் ஜோடியாக இருக்கிறது.

நாய் ஆஸ்பத்திரியில்
புட்டியைப் பையில் போட்டுத் தந்த மாரிட்
"மனுஷர்களும் சாப்பிடுகிறார்கள்" என்றாள்,
ரகசியமாகவும் இல்லை, விளம்பரமாகவும் இல்லை.
நான் என் லைசென்ஸை நினைத்துக்கொண்டேன்.
கனரக வண்டிக்காரி கையில்
எந்தக் காலையிலும்
ஒரு காகிதக் கோப்பையைக் கொடுத்து
கழிப்பறைக்கு அனுப்பலாம்.
"சுத்தம் என்று புட்டியில் போட்டிருக்கும்,"
என்றார் மேற்பார்வையாளர் ஹார்லன்.
"சோதனைக்கூடம் புட்டியையா படிக்கிறது?"

ஆக வலி ரெண்டு பேருக்கு,
மருந்து ஒருத்திக்கு.

ராத்திரி அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு எண்ணுவேன்.
ஒன்பது, பத்து, பதினொன்று.
பன்னிரண்டாவது என் விரலில் வழியும் சில நாள்.
நக்கினால் யாருக்குத் தெரியும்?
துண்டில் துடைத்துவிட்டு
துண்டை முகர்ந்து பார்ப்பேன்.
ஈர வைக்கோல், பழைய கொழுப்பு.

மூன்றாம் வாரம்
புல்லா இரண்டு படி ஏறினாள்.
எண்ணெயா,
அன்றைக்குக் குளிர் கொஞ்சம் இறங்கியதாலா,
உள்ளே நான் மீன் வறுத்துக்கொண்டிருந்ததாலா,
சொல்லத் தெரியவில்லை.
நாய்க்கு ஒரு கொடுப்பினை:
ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலி என்று
அதை யாரும் கேட்பதில்லை.

ஏப்ரல் கடைசியில்
லாரிச் சாவியை ஹார்லனின் மேசையில் வைத்தேன்.
கேக் வெட்டினார்கள்.
கத்தியை இடது கையில்தான் பிடித்தேன்,
யாரும் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சவுனாவில் வெந்து குளித்து
சமையலறையில் நின்றபடியே
நாய்ப் புட்டியைத் திறந்தேன்.
அறுபது பவுண்டுக்கு மேல் என்கிறது,
நான் நூற்று எழுபது.
கணக்குப் பார்க்கவில்லை,
அவளுக்கு எத்தனையோ அத்தனை.
நாக்கின் அடியில் வைத்துக்கொண்டு
கடிகாரத்தைப் பார்த்தேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
இன்னும் கொஞ்சம் பார்த்தேன்.
பன்றி இறைச்சி ஏப்பம் வந்தது.

காலையில் வலி அங்கேயேதான் இருந்தது.
ஆனால் கூட்டமான பஸ்ஸில்
முகம் தெரியாத ஒரு பெண்மணி
ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விடுவாளே,
அந்த மாதிரி
கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தது.
எண்ணெயா, ஓய்வா,
மூன்று மணிக்கு எழாத முதல் ராத்திரியா,
கேட்டால் எழுந்து வந்துவிடுமோ என்று
கேட்கவில்லை.

அன்று மாலை புட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன்.
எட்டுதான் விழுந்தது.
புல்லா வாயை மூடவில்லை.
நாலு கடன் என்றேன் அவளிடம்.
வெளியே, மே மாதம் பிறக்க இரண்டு நாள் இருக்க,
திரும்பவும் பனி.
வேறு யாரோ ஓட்டிப் போகிறார்கள்,
அலகைச் சீக்கிரமே தூக்கிவிடுகிறார்கள்.