சேத மதிப்பீடு

டாக்சியைக் கொண்டுவந்தவர் பெயர் குவெக் பூன் தியாம்.
இருபத்தாறு வருடமாக இரவு ஷிஃப்ட்.
புக்கிட் பாத்தோக் பட்டறையில்
ஷட்டரை நான் பாதிதான் தூக்கியிருந்தேன்.
குனிந்து உள்ளே வந்து, பாஸ் என்றார்.

பானெட்டின் இடது பக்கம் பள்ளம்.
அதில் கொஞ்சம் மழைநீர்,
ஓர் இலை.

பன்றியா?
இல்லை.
நாயா?
இல்லை.
சீனத்தில் பாதி, மலாயில் மீதி சொன்னார்:
அப்பர் புக்கிட் தீமா சாலை, விடிகாலை மூன்று,
காட்டுப் பக்கமிருந்து வந்தது,
இரண்டு காலில்.

தெரிந்த கதைதான்.
ஜப்பான்காரன் காலத்தில் ஒரு சிப்பாய் பார்த்தானாம்.
ரயில் ஓடிய நாளில்
தண்டவாளத்தில் குந்தியிருந்ததாம்.
முகாமுக்கு வந்த பையன்களைத் தூங்கவைக்க
வாத்தியார்களுக்கும் அது உதவியது.
சொன்ன எல்லோரிடமும் அதே சிவந்த கண், அதே நாற்றம்.
மங்கிய வெளிச்சத்தில் குரங்கும் மனிதன்தான்
என்று படித்தவர்கள் முடித்துவிட்டார்கள்.
நானும் முடித்துவிட்டிருந்தேன்.

குவெக் கண்ணைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.
"இடித்ததும் ஓடவில்லை, பாஸ்.
நின்று,
இந்தக் கையால் அந்த முழங்கையைப் பிடித்துக்கொண்டது."
செய்து காட்டினார்.
கதவு நிலையில் இடித்துக்கொண்டால்
நாம் பிடிப்போமே, அப்படி.
உதட்டைக் கடித்து,
ஒரு நிமிஷம் யாரோடும் பேசாமல்.

பொய் சொல்கிறவன்
பல்லைச் சொல்வான், ரோமத்தைச் சொல்வான்.
முழங்கை வலியை எதற்குச் சொல்கிறான்?

பதினொரு மணிக்குக் காப்புறுதிப் பெண் வந்தாள், ஹஸ்லிண்டா.
அவள் திரையில் ஒரு பட்டியல்.
நாய். குரங்கு. காட்டுப்பன்றி. மரக்கிளை. மற்றவை.
மற்றவை என்றால் விளக்கம் வேண்டும்,
விளக்கம் என்றால் விசாரணை,
விசாரணை என்றால் மூன்று வாரம் வண்டி நிற்கும்,
வாடகை நிற்காது.
நல்ல பெண். "பன்றி என்று போடட்டுமா அங்கிள்?"
மெதுவாகத்தான் கேட்டாள்.

கண்டவர் விண்டதில்லை என்பார்கள்.
இவர் கண்டார், விண்டார்,
பிறகு பன்றிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

பள்ளம் எடுப்பது பெரிய வித்தையில்லை.
உள்பக்கம் கைவிட்டு, கட்டை கொடுத்து,
வந்த திசைக்கு எதிராகத் தட்ட வேண்டும்,
வந்ததைத் திருப்பி அனுப்புகிற மாதிரி.
முதல் தட்டுக்கு முன்
என் முழங்கையை அதில் வைத்துப் பார்த்தேன்.
ரஃபிகுல் வெல்டிங் முகமூடியைத் தூக்கிப் பார்த்தான்.
ஒன்றுமில்லை என்றேன்.

பொருந்தியது.
கொஞ்சம் அழுத்தினால்
எந்த முழங்கையும் எந்தப் பள்ளத்திலும் பொருந்தும்,
அதுவும் தெரியும்.

தட்டினேன். புட்டி பூசினேன்.
தேய்த்தேன், நீலம் அடித்தேன்.
நான்கு மணிக்குள்
அது இருந்ததற்கான ஒரே தடயத்தை
முந்நூற்று நாற்பது வெள்ளிக்கு இல்லாமலாக்கிவிட்டேன்.
சுத்தமான வேலை.
நானே தடவினாலும் இடம் தெரியாது.

இருக்கிறதா என்று ரஃபிகுல் கேட்டான்.
ஒரு பக்கம் விரைவுச்சாலை,
ஒரு பக்கம் நீச்சல்குளம் வைத்த கொண்டோ,
நடுவில் கைக்குட்டை அளவு காடு.
அவ்வளவு சின்ன இடத்தில்
அவ்வளவு பெரிய உடம்பு எப்படி இருக்கும்?
கேட்டுவிட்டு இருவரும் சிரித்தோம்.
அவன் அறையில் பன்னிரண்டு பேர்.
நான் வந்த புதிதில் எட்டு.

இப்போது அந்தச் சாலையில் வீடு திரும்பும்போது
கால் தானாக அழுத்தம் குறைக்கிறது.
நாற்பதில் போகிறேன்.
பின்னால் வந்தவன் விளக்கடித்து, ஹாரன் அடித்து,
தாண்டும்போது தமிழிலேயே திட்டிவிட்டுப் போனான்.

தூறல்.
கண்ணாடியை இறக்கி வைத்திருக்கிறேன்,
ஜன்னல் விளிம்பில்
முழங்கை.