நங்கூரம், இன்னும்

தாமரின் கரையில் விடியலுக்கு முன்
எஞ்சின் சூடேறும் ஆறு நிமிடம்
என் பாடவேளை.
கைப்பேசியைச் சுக்கான்மேல் சாய்த்துவைத்து
மிலானோக்காரி ஒருத்தி சொல்வதை
ஒரு நொடி பின்தங்கி
அவள் நிழலாய்ச் சொல்வேன்.
கயிறு சுருட்டும் ழான்-ரெமி
கையை மட்டும் பழகுகிறான்:
ஐந்து விரலும் குவித்து, மேலும் கீழும்.
டிப்ஸ் அவனுக்குத்தான் அதிகம்.

போன ஜூலை.
டால்பின்கள் இருபதுக்குமேல், படகின் இரு பக்கமும்.
பத்து இத்தாலியர் எழுந்து நின்று
அங்கோரா! அங்கோரா! என்று கூவினார்கள்.
அகராதியில் நங்கூரத்துக்கு இதே எழுத்துகள்.
போட்டேன்.
சங்கிலி கடகடவென இறங்க
டால்பின்கள் லெ மோர்ன் பக்கம் போயே போய்விட்டன.
பத்து முகம் என்னைப் பார்த்தன.

முதல் அசையை மிதித்தால், ஆங்கொரா, நங்கூரம்.
நடுவில் மிதித்தால்
'இன்னும், இன்னொரு முறை'.
பாசி பிடித்த படிக்கட்டுதான்.
கால் வைக்கும் இடம் தெரியாதவள்
கடலுக்குள் இருப்பாள்.

பிரெஞ்சில் பள்ளிக்குப் போன நாக்கு
எந்தச் சொல்லையும் கடைசிப் படியில் மிதிக்கும்.
'ர'வைத் தொண்டைக்குள் புதைக்கும்.
கிரியோலில் பாதி 'ர' எப்போதோ கடலில் விழுந்தது,
யாரும் முக்குளித்துத் தேடவில்லை.
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் 'ர'
கதவை ஒரு தட்டுத் தட்டும், மரியாதையாக.
இவர்களுக்கோ கதவே உடைய வேண்டும்.
த்ர்ர்ர், த்ர்ர்ர் என்கிறேன்,
குளிரில் கிளம்பாத நாற்பது குதிரைச்சக்தி.
எச்சில்தான் தெறிக்கிறது.

இரட்டை எழுத்துக்குப் பயமில்லை.
புள்ளியில் நின்று தாண்டப் பழகியவள் நான்:
பத்து, எட்டு, முப்பத்தெட்டு.
ஆகவே நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டேன்.
ஏழு: செத்தே.
புரட்டும்போதெல்லாம் நெஞ்சு பக்கென்கிறது,
யார் செத்தது என்று.
தாகத்துக்கு ஒற்றை. சேதே.
அங்கேதான் தமிழ் என்னைக் கைவிட்டது.
நடுவில் வரும் தனித் 'த'
வெயிலில் வைத்த வெண்ணெயாய் இளகிவிடும்.
எனக்குத் தாகம் என்றேன்;
எனக்குத் தலைமையகம் என்று கேட்டதாம்.
எங்கே என்று விசாரித்தார் ஒருவர், அக்கறையாக.

திருத்தியவன் தொம்மாசோ. வயது ஏழு.
முன்பல் இரண்டும் விழுந்தவன்,
அவனுக்கே 'ஸ' வராது.
என் விரலை எடுத்துத் தன் தொண்டைமேல் வைத்தான்.
தே என்றான், விரலுக்குள் வண்டு பறந்தது.
பிறகு இன்னொரு தே.
வண்டு இல்லை.
என் தொண்டையில் என் விரல். உப்பு ஈரம்.
வண்டு, வண்டு, வண்டு.
பதினொன்றாவது முறையோ என்னவோ
நின்றது.
அவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

அன்று டால்பின் வரவே இல்லை.
அவன் அப்பா பாதிப் பணமாவது திரும்பத் தரச் சொல்லி
என் சட்டையில் குத்திய பெயரைப் படித்து
அழைத்தார்: சிஞ்ஞோரா கெல்லபெர்மால்.
அவர்கள் கணக்கில் அந்த முதலெழுத்து 'க'தான்.
அவரைக் குறை சொல்வானேன்,
கப்பல் இறங்கிய நாளில் எந்தக் குமாஸ்தாவோ
காதில் விழுந்த பாதியை எழுதியது அது.

சரியாக எப்படி, என்றான் பையன்.
செல்லப்பெருமாள்.
'ப்ப' பிசகவில்லை, பிறந்த வீட்டுச் சாமான் மாதிரி.
'ள்'ளில் சறுக்கினான்.
நாக்கை மடி என்று விரலை மடித்துக் காட்டினேன்.
பல்போன சந்து வழியே
நாக்கு வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனது.
பணம், பாதி, பெட்ரோல் விலை என்று
பின்னால் ழான்-ரெமியின் கைகள் பேசிக்கொண்டிருந்தன.

அங்கோரா, என்றான் தொம்மாசோ.
நடு அசையில்.
நான் சங்கிலியைத் தொடவில்லை.