ஏழாவது பொருள்

மாலை மூன்றுக்குக் கூட்டம்.
மேசைக்கு இந்தப் பக்கம் வக்பு, அந்தப் பக்கம் அமைச்சு.
நடுவில் ஒரு தட்டில் ஆறு கறிபாப்.
அவற்றை எந்தக் கணக்கில் எழுதுவது என்று
போன கூட்டத்திலும் முடிவாகவில்லை.
நான் குறிப்பெழுதுகிறவள்.

ஜெலுத்தோங் சாலையில் நின்று பார்த்தால்
ஒரே பள்ளிதான்.
உள்ளே வந்தால்
சுவர் எங்களுடையது, அதன்மேல் பூசிய பச்சை அவர்களுடையது.
நாற்காலி அவர்களுடையது. நாற்காலி நிற்கும் மண்
நூறு வருஷத்துக்கு முன்னே மிளகு வியாபாரி ஒருவர்
அல்லாஹ்வுக்கென்று எழுதிவைத்தது.
கணக்கு டீச்சருக்குச் சம்பளம் புத்ராஜெயாவிலிருந்து.
ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுக்கும் இப்போது அங்கிருந்துதான்.
ஆனால் அவர் எதை ஓதிக்கொடுப்பார் என்பதில்
எங்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு.
அந்த ஒரு வார்த்தைக்குத்தான்
ஆண்டுக்கு நாலு கூட்டம்.

ஏழாவது பொருள்: நாலாம் வகுப்புக் கூரை.

"கட்டடம் உங்களுடையது" என்றார் தலைமையாசிரியை ரொஹானி.
கனிவாகத்தான் சொன்னார்.
"பிள்ளைகள் உங்கள் பதிவேட்டில் இருக்கிறார்கள்" என்றார்
முத்தவல்லி நைனா ராவுத்தர்.
அவரும் கனிவாகத்தான்.
அதற்குள் நீர்
வக்பு ஓட்டில் கிளம்பி
அரசாங்கக் கணினியில் இறங்கிவிட்டது.

பத்திரத்தைப் பார்ப்போம் என்றார் மாவட்ட அதிகாரி.
இரும்புப் பெட்டியிலிருந்து வந்தது,
பாச்சை உருண்டை மணக்க.
அரபு எழுத்து, தமிழ்ப் பேச்சு.
அதிகாரிக்கு எழுத்து தெரியும், பேச்சு புரியாது.
முத்தவல்லிக்குப் பேச்சு புரியும், எழுத்தை
மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தார்.
பேனா என் பக்கம் வந்தது.
மத்ரஸாவுக்குத் தாமதமாய்ப் போன நாளெல்லாம்
தண்டனைக்கு எழுதிப் பழகிய எழுத்து எனக்கு.

வாசித்தேன்:
*கூரை பழுதானால் முத்தவல்லியானவர்
தம் வீட்டுக் கூரையைப் பிரித்தாகிலும் வேயவும்.
ஓதுகிற பிள்ளை நனையலாகாது.*

மின்விசிறி சுற்றியது. (அது அமைச்சுடையது.)
ராவுத்தர் குடியிருப்பது பதினாலாம் மாடி.
அவர் வீட்டுக் கூரை
மேல்வீட்டு லிம் குடும்பத்தின் தரை.

"என்ன எழுதியிருக்கிறது?" என்றார் ரொஹானி மலாயில்.
நான் வாயைத் திறக்கவில்லை.
குறிப்பெழுதுகிறவளுக்கு மொழிபெயர்க்கும் கடமை உண்டா
என்று விதிமுறையில் இல்லை.
ராவுத்தர் ஒரு கறிபாப்பை எடுத்தார்,
கடிக்காமல் வைத்தார்.
"கூரை எங்களுடையது என்று எழுதியிருக்கிறது" என்றார்.
மலாயில், நிறுத்தி நிறுத்தி.

பிறகு சொன்னார்:
"கூரை எங்களுடையது என்றால்
அதன்கீழ் யார் உட்காருவது என்றும் எங்களைக் கேளுங்கள்.
போன வருஷம் உங்களை நியமிக்க
எங்கள் கருத்து கேட்டுக் கடிதம் வந்தது.
பதினாலு நாள் கெடு.
நீங்கள் வந்த மறுநாள்தான் அது வந்தது."

ரொஹானி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.
"எனக்கு வந்த கடிதமும் அப்படித்தான்" என்றார்.
"வெள்ளிக்கிழமை கிடைத்தது. திங்கள் சேரச் சொன்னது.
கூலிமில் என் மகனை விட்டுவிட்டு வந்தேன்."

இதை எந்தப் பொருளின் கீழ் எழுதுவது?
எழுதவில்லை.
எழுதியது இவ்வளவு:
ஓடு, வக்பு. கம்பியும் கணினியும், அமைச்சு.
அடுத்த நியமனத்துக்கு முன் இரு தரப்பும் பேசும்.
'பேசும்' என்பதை அதிகாரி
'பேசலாம்' என்று திருத்தினார்.
ராவுத்தர் மறுபடி 'பேசும்' என்றார்.
இரண்டையும் வைத்திருக்கிறேன், ஒன்றின்மேல் ஒன்றாக.

கொத்தனார் வரும்வரை நாலாம் வகுப்பில் ஒரு நீல வாளி.
ஹஸ்னாவும் ஃபிர்தௌஸும் மேசைகளைத் தாங்களாகவே நகர்த்தி
அதற்கு இடம் விட்டிருக்கிறார்கள்.
வாளி எந்தத் தரப்புடையதும் அல்ல.
எதிரே சோயா பால் விற்கும் ஆ மோயுடையது.
வெள்ளிக்கிழமை திருப்பிக் கேட்டிருக்கிறாள்.