பதினோராவது மில்லிநொடி

இந்தக் கூட்டத்தின் குறிப்பெழுதி நான்.
யார் மேசையைத் தட்டினார் என்று எழுதக் கூடாது,
முடிவு என்ன என்பதை மட்டும்.
முடிவு ஒரே வரி.
மீதி இங்கே.

ப்ர்னோ நகரம். நவம்பர்.
கம்பளி ஆலையாய் இருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடி.
வெப்பக்குழாய் கொதிக்கிறது, சன்னல் திறக்க வரவில்லை.
பதினான்கு பேர், பத்தொன்பது மடிக்கணினிகள்.

ஹினெக் நான்கு மாதம் தேடிப் பிடித்த பிழை:
பத்து மில்லிநொடி தூங்கு என்றால்
கெர்னல் பதினொன்று தூங்குகிறது.
பதினேழு வருடமாக.
யாரோ பின்னத்தை மேலே தள்ளி முழு எண்ணாக்கி
எதற்கும் இருக்கட்டும் என்று
இன்னும் ஒன்றைக் கூட்டியிருக்கிறார்.
கொசுறு.

ஹினெக் கொசுறை நீக்கினான்.
ஒரு வரி போனது, ஓர் அடைப்புக்குறி போனது.
வசந்தத்தில் வந்த பதிப்பில்
சொன்ன நேரத்துக்குக் கண் விழித்தது உலகம்.

ஜூலையில் நார்வேயின் வடகோடியிலிருந்து புகார்.
போட்ஸ்ஃபியோர்ட் துறைமுகம், மீன் எடை போடும் தராசு.
தூர்டிஸ் என்பவள் பெட்டியை வைக்கிறாள்,
திரையில் வருவதோ முந்தைய பெட்டியின் எடை.
காட் மீனுக்கு ஹாடக்கின் எடை,
ஹாடக்குக்குக் காலிப் பெட்டியின் எடை.
கடைசிப் படகின் கடைசிப் பெட்டி
எவர் கணக்கிலும் ஏறாமல் ஐஸில் கிடக்கிறது.
தராசைச் செய்த நிறுவனம் மூடி ஒன்பது வருடம்.
அதன் நிரல் பத்து தூங்கி எழுந்து எண்ணைப் படிக்கும்,
உணரிக்கு வேண்டியதோ பத்தரை.
தூக்கம் குறைந்ததும் தூக்கிப் பார்ப்பது கெட்டது.

"தப்பு தராசின் பேரில்" என்றான் ஹினெக்.
"பதினொன்று என்று ஆவணத்தில் எங்காவது இருக்கிறதா?"

"ஆவணத்தை யார் படித்தார்கள்?"
வீபெ, க்ரோனிங்கன்காரர், கடிகாரப் பகுதிக்குப் பொறுப்பு,
முகத்தைப் பார்க்காமல் காபியைப் பார்த்துப் பேசுபவர்.
"நேற்று எடை போட்டது. இன்று போடவில்லை.
நடுவில் வந்தது நாம்."

ரெசிஃபேயிலிருந்து வந்த ஜுரேமா
இன்னும் விமானத்திலேயே இருக்கும் குரலில் சொன்னாள்:
ஒரு விசை வைப்போம்,
வேண்டியவர் பதினொன்றுக்குத் திருப்பிக்கொள்ளட்டும்.
"ஏற்கெனவே நாற்பத்தொரு விசை" என்றார் வீபெ.
"மூன்றுக்கு அர்த்தம் எனக்கே தெரியாது.
அந்த மூன்றையும் எழுதியது நான்."

சிரித்தோம். ஹினெக் சிரிக்கவில்லை.
பலகையில் பெருக்கினான்:
ஒரு மில்லிநொடி, இத்தனை கோடிக் கருவிகள்,
ஒரு நாளில் இத்தனை முறை.
பூஜ்ஜியங்களுக்குப் பலகையில் இடம் போதவில்லை.
இத்தனை தூக்கமும் ஒரு மீன் பெட்டிக்காகவா?
பேனா மூடியைக் கடித்தபடி நின்றான்.

பூண்டு சூப் வந்தது.
சூப்பிலும் தொடர்ந்தது.
பிழையை நம்பி ஒருவன் வீடு கட்டிவிட்டால்
அது பிழையா, அஸ்திவாரமா என்று ஒருவர்.
அப்படியானால் எதையுமே திருத்த முடியாது என்று மற்றவர்.
இருவருக்கும் வாயில் ரொட்டி.

எங்களிடம் வாக்கெடுப்பு கிடையாது.
களைப்பு உண்டு.

நாலு மணிக்கே இருட்டியது.
ஹினெக் திடீரென்று கேட்டான்:
"அந்தப் பெண்ணுக்குக் கூலி எடைக் கணக்கிலா?"
யாருக்கும் தெரியவில்லை.
கேட்டுச் சொல்ல வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றியதில்லை.

பிறகு அவன் வாதாடவில்லை.
தான் நீக்கிய வரியைத் தானே திரும்ப எழுதினான்,
மேலே ஒரு குறிப்புடன்:
இது தப்பு. தெரியும். இதன் மேல் மீன் இருக்கிறது.
கடைசி வாக்கியத்தை எடுக்கச் சொன்னார்கள்.
எடுக்கவில்லை.
வீபெ பார்த்தும் பார்க்காததுபோல் ஒப்பமிட்டார்.

என் குறிப்பில்: பழைய நடத்தை மீட்கப்பட்டது.

டிராமுக்குக் காத்திருந்தபோது
ஹினெக் பையைத் தட்டிக் காட்டினான்.
அவனுடைய மடிக்கணினியில் மட்டும்
அந்தத் திருத்தம் இன்னும் இருக்கிறதாம்.
சரியாகப் பத்தில் விழிக்கும் ஒரே இயந்திரம்.
"எதற்கு?" என்றேன்.
தோளைக் குலுக்கினான்.
டிராம் இரண்டு நிமிடம் தாமதம்.