முதல் பத்து நிமிடம்

மழை வலுத்துவிட்டால் பயமில்லை.
தூறத் தொடங்கும் முதல் பத்து நிமிடம்தான்
கம்பாலாவின் சாலைகள் என்னைத் தள்ளிவிடப் பார்க்கும்.
இரண்டு மாதத்து டீசல் கறையும் செம்மண் தூளும்
குழைந்து எழுந்து
தார் முழுக்க வாழைப்பழத் தோல்.

பின்னால் இருப்பவர் நர்ஸ்.
கவெம்பேயில் ஏறினார். முலாகோ ஆஸ்பத்திரி,
ஆறரைக்குள் கையெழுத்து.
என் ஜாக்கெட் முதுகில் பெயரைப் படித்து
"செக்கிட்டோ, போப்பா" என்று தோளைத் தட்டுகிறார்,
படுத்த மாட்டை எழுப்புகிற மாதிரி.

நான் முப்பதில் போகிறேன்.
இரண்டு விரல் பிரேக்கின் மேல்.
வெள்ளைக் கோடு வந்தால் நிமிர்ந்தே கடப்பேன்,
சாயமாட்டேன்.
நிற்கிற டாக்ஸி வேனில் கதவைப் பார்ப்பதில்லை,
கண்ணாடியில் டிரைவரின் தோளைப் பார்ப்பேன்.
தோள் அசைந்த பிறகுதான் வண்டி அசையும்.
லாரிக்காரரின் முகம் எனக்குத் தெரியவில்லை என்றால்
அவருக்கு நான் பிறக்கவே இல்லை.
இதெல்லாம் என் இடது முழங்கால் படித்த படிப்பு.

ப்வாய்சேயில் சாலை முடிந்து தண்ணீர் தொடங்கியது.
மேட்டில் எங்கோ முன்பே கொட்டியிருக்கிறது.
காலூன்றி நின்றேன்.

"என்ன?"
"ஒரு கார் முன்னால் போகட்டும். சக்கரம்
எவ்வளவு முழுகுகிறதென்று பார்க்கணும்."
"பயம் உனக்கா, வண்டிக்கா?"
"இரண்டு பேருக்கும்."

இறங்கிவிட்டார்.
ஹெல்மெட்டைக் கழற்றி என் மடியில் வைத்தார்.
காசு தரவில்லை.
கைகாட்டி இன்னொரு போடாவில் ஏறினார்,
வெறும் தலையோடு.
அந்தப் பையன் தண்ணீரை இரண்டாகக் கிழித்துக்கொண்டு போனான்.

ஒன்றும் ஆகவில்லை.
பல நாள் ஒன்றும் ஆகாது.
இந்தத் தொழிலில் அதுதான் கஷ்டம்.

முக்கால் மணி நேரம் நின்றேன்.
குப்பை மேட்டில் ஒரு வழுக்கைத் தலைப் பெருநாரை
என்னோடு காத்திருந்தது, வேறு எதற்கோ.
தண்ணீர் வடிந்ததும் தெரிந்தது:
சாக்கடை வாய், ஆள் இறங்குகிற அகலம்,
இரும்பு மூடியை யாரோ எடைக்குப் போட்டிருக்கிறார்கள்.
அவன் போன தடத்துக்கு ஒரு முழம் இடப்பக்கம்.

ஓரத்து மரத்தில் கிளை ஒடித்து
இலையோடு உள்ளே நட்டேன்.
பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது.
திட்டா, நன்றியா,
தெரியவில்லை.

ஹெல்மெட்டுக்குள் ஒரு கொண்டை ஊசி கிடந்தது.
அவருடைய ஷிஃப்ட் காலை ஏழரைக்கு முடியும்.
முலாகோ வாசலில் நிற்பேன்.
இரண்டாயிரம் ஷில்லிங் பாக்கிக்காக வந்திருக்கிறான்
என்றே நினைத்துக்கொள்ளட்டும்.