பத்துக்குப் பதினொன்று

ஹட்டனில் இரண்டு நாள் செயலமர்வு.
மீத்திறன் மாணவரைக் கையாளும் வழிகள் எட்டு,
மதியம் சோற்றுப் பார்சல், முடிவில் சான்றிதழ்.
எட்டையும் எழுதிக்கொண்டேன்.
திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் கொப்பி நனைந்து
மூன்றுதான் வாசிக்கக் கிடைத்தது.

அதுவரை என்னிடம் இருந்தது ஒரே வழி.
மற்றவர்கள் கோடு கீறி முடிக்குமுன்
விதுஷிகா பத்துக் கணக்கையும் முடிப்பாள்.
"முடிஞ்சிது டீச்சர்."
"சரி, இன்னும் பத்து."
அதுவும் முடியும். இன்னும் பத்து.
மடுவத்தில் கூட நிறை காட்டியவளிடம்
நாளைக்கும் இதே நிறை வேணும் என்பதுபோல.

நனையாத மூன்றில் முதலாவது:
முந்தி முடித்தவரை மற்றவருக்குக் கற்பிக்கச் சொல்க.
பிரதாபன் பக்கத்தில் உட்கார்த்தி வைத்தேன்.
அவள் கற்பித்தாளோ தெரியாது,
அவன் பார்த்தெழுதப் படித்துக்கொண்டான்.

ஐப்பசியில் அவள் பிழைவிடத் தொடங்கினாள்.
முதலில் ஒன்றிரண்டு. பிறகு பத்தும்.
காய்ச்சலா என்று கேட்டேன்.
வீட்டில் சண்டையா என்று,
கேட்கக்கூடாத தொனியில் கேட்டேன்.
தலையை ஆட்டினாள்,
ஆம் என்றும் இல்லை என்றும் பிடிபடாமல்.

மின்சாரம் போன இரவு
மெழுகுதிரி வெளிச்சத்தில்தான் கண்டேன்.
முதலாம் விடையில் ஒன்று கூட.
இரண்டாவதில் இரண்டு.
மூன்றாவதில் மூன்று.
பத்தாவதில் சரியாகப் பத்து.
பிழைக்கத் தெரிந்த பிள்ளை.

சிவப்புப் பேனையை மூடி வைத்தேன்.
கொஞ்ச நேரம் வெட்கமாக இருந்தது.
பிறகு திறந்து, அவள் கணக்கிலேயே புள்ளி போட்டேன்:
சரியானது சைபர், அதோடு பதினொன்று கூட.
பத்துக்குப் பதினொன்று.

காலையில் கொப்பியை விரித்தவள்
நெடுநேரம் அதையே பார்த்தாள்.
பொத்திய விரல்களுக்கு நடுவே சிரிப்பு ஒழுகியது.
பிரதாபன் எழுந்து நின்றான்.
"அதே விடைதான் டீச்சர் எனக்கும்.
எனக்கு மட்டும் ஏன் முட்டை?"
"நல்ல கேள்வி" என்றேன்.
வேறென்ன சொல்ல?

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில்
நான் கேள்வி கேட்பதில்லை. அவர்கள் கொண்டுவர வேண்டும்.
விடை தெரிந்த கேள்வி செல்லாது.
முதல் வாரம் இருபத்துமூன்று பேரும்
விடுகதையோடு வந்தார்கள்.
இரண்டாம் வாரம் பிரதாபன்:
பொகவந்தலாவை பஸ் மலையேற நாற்பது நிமிசம்,
இறங்க ஐம்பது. ஏன்?
வழியில் சாரதியின் வீடு இருப்பதை
நாலு பேர் சேர்ந்து கண்டுபிடித்தார்கள்.
அங்கே அவர் தேத்தண்ணி குடிப்பதையும்.

மூன்றாம் வாரம் மழை.
தகரத்தில் அது விழுந்தால்
என் குரல் முதல் வாங்கைக்கூடத் தாண்டாது.
ஆளுக்கொரு சோக்குத்துண்டு கொடுத்தேன்.
வாய் திறக்காமல் பலகையில் எழுத வேண்டும்.
விதுஷிகா எழுதினாள்:

சாக்கு ஈரமென்று மடுவத்தில் ரெண்டு கிலோ வெட்டுறாங்க.
வெயில் நாளிலும் ரெண்டு கிலோ.
வெயிலில் எது ஈரம்?

கீழே, சின்ன எழுத்தில்:
நேற்று அம்மாவுக்கு அரைப்பேர்.
பக்கத்து நிரையில் செவனம்மா மாமிக்கும் அரைப்பேர்.
அரையும் அரையும் ஒன்று.
அந்த ஒரு பேர் யாருக்குப் போகுது?

ஒருவன் வந்து கழித்தல் போட்டான்.
பின்வாங்கிலிருந்து ஒருத்தி வந்து
இருபத்தைந்து நாளால் பெருக்கினாள்.
இன்னொருத்தி, மலையில் எத்தனை பேர் என்று
விரல்விட்டு எண்ணி, அதாலும் பெருக்கினாள்.
எண்கள் பலகையை விட்டு
மரச்சட்டத்தில் ஏறின.
மழை விட்டதை யாரும் கவனிக்கவில்லை.
நானும் ஒரு சோக்கை எடுத்தேன்,
எழுத ஒன்றும் வராமல் திரும்ப வைத்தேன்.
வாசிக்கக் கிடைத்த மூன்றில் இதற்கு வழியில்லை.
நனைந்துபோன ஐந்தில் இருந்திருக்கலாம்.

மணி அடித்தது.
பிரதாபன் டஸ்டரோடு நின்றான்.
"அழிக்கவா டீச்சர்?"

"திகதியை மட்டும்."